"நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒட்டல": வடிவமைப்பில் ஒருமை குலையும் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

வேலையைப் பார்த்தவர் "நல்லாத்தான் இருக்கு, ஆனா என்னமோ ஒட்டல" என்கிறார். எதை மாற்றலாம் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரிவதில்லை. இந்தக் கருத்தைத் தட்டிக்கழிக்காதீர்கள். வடிவமைப்புக்கான சொற்கள் அவரிடம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் அவர் கண் எதையோ பிடித்துவிட்டது.

மாக்ஸ் வெர்த்தைமர் என்ற உளவியலாளர் 1923-இல் வெறும் புள்ளிகளையும் கோடுகளையும் வைத்து ஒன்றைக் காட்டினார். பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை ஒரு கூட்டமாகத் தெரியும். ஒரே மாதிரி இருப்பவையும் ஒரு கூட்டமாகத் தெரியும். இதை யாரும் கண்ணுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு நிறத்தையோ அளவையோ இடைவெளியையோ நாம் திரும்பத் திரும்ப வைக்கும்போது "இவையெல்லாம் ஒரு குடும்பம்" என்கிறோம். அதில் ஒன்று லேசாக மாறியிருந்தால், இது குடும்பத்தில் சேர்த்தியா இல்லையா என்று பார்ப்பவருக்குப் புரியாது. அந்தத் தடுமாற்றத்தைத்தான் "ஒட்டல" என்று சொல்கிறார்கள்.

கீழே உள்ள பிழைகளில் பாதிக்கு மேல் அந்த "லேசாக" என்ற சொல்லில் வந்து முடியும். பெரிய வேறுபாடு ஒருமையைக் கெடுத்து நான் பார்த்தது குறைவு. கெடுப்பது, ஏறக்குறைய ஒன்றாக இருப்பவைதான்.

தேடத் தொடங்கும் முன் ஒரு வேலை: எல்லாப் பக்கங்களையும் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கி ஒரே திரையில் வரிசையாக வையுங்கள். அச்சு வேலை என்றால் எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் பரப்புங்கள். பிறகு கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பாருங்கள். வாசகங்கள் மங்கிவிடும், கறுப்பு எங்கே குவிகிறது, வெளி எங்கே திறக்கிறது, நிறம் எங்கெல்லாம் திரும்ப வருகிறது என்பது மட்டும் மிஞ்சும். அந்த நிலையில் முதலில் உறுத்துவது எதுவோ அதற்கான அறிகுறியிலிருந்து தொடங்குங்கள்.

அறிகுறி: எங்கே தப்பு என்றே தெரியவில்லை, ஆனாலும் கலைந்து கிடக்கிறது

மிகவும் அதிகமாக வரும் புகார் இதுதான். மருந்து, கணக்கெடுப்பு. ஒரு தாளில் மூன்று தலைப்புகள் போடுங்கள்: எழுத்தளவுகள், நிறங்கள், இடைவெளிகள். பிறகு கோப்பைத் திறந்து ஒவ்வொரு பொருளாகச் சொடுக்கி, காணும் எண்ணை எழுதுங்கள். நினைவிலிருந்து எழுத வேண்டாம். "நான் மூன்று அளவுதான் வைத்தேன்" என்று உறுதியாக நம்பும் கோப்பில் எட்டு ஒன்பது அளவுகள் இருக்கும்.

ஒருமுறை ஓர் ஆண்டறிக்கையைச் சீர்செய்யும் வேலை வந்தது. படக்குறிப்புகள் மட்டும் 8, 8.5, 9 பாயின்ட் என்று மூன்று அளவில் இருந்தன. மூன்று பேர் ஆளுக்கு ஒரு பகுதியாகச் செய்திருந்தார்கள். ஒவ்வொருவர் தேர்வும் தனியாகப் பார்த்தால் சரிதான். எல்லாவற்றையும் 8.5 ஆக்கினேன். படத்துக்கும் குறிப்புக்கும் நடுவே இருந்த வெளியையும் ஒன்றாக்கினேன். வேறு எதையும் தொடவில்லை. அடுத்த பிரதியைப் பார்த்தவர் "தாளை மாத்திட்டீங்களா?" என்று கேட்டார்.

கணக்கெடுத்த பட்டியலில் அக்கம்பக்கத்து எண்களைப் பாருங்கள். 15-உம் 16-உம் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். 16-உம் 18-உம் இருந்து, 18 தலைப்பாக வேலை செய்ய வேண்டியது என்றால், அது தலைப்பாகத் தெரியும் அளவுக்கு ஏற்றுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்கட்டும், இல்லையென்றால் தள்ளி நின்று பார்த்தாலும் வேறு வேறு என்று தெரியட்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் பிழை போலத் தெரிகிறது.

எண்களை மனம்போனபடி எடுப்பதைவிட ஒரு விகிதத்தில் எடுப்பது நல்லது. பத்திகளில் வரும் சாதாரண எழுத்து (உடல் எழுத்து) 16 என்று வைத்து ஒவ்வொரு படியையும் 1.25-ஆல் பெருக்கினால் 20, 25, ஏறத்தாழ 31 என்று வரும். பெரும்பாலான வேலைகளுக்கு இந்த நான்கே போதும். இடைவெளிக்கு 8-இன் மடங்குகளை நிறையப் பேர் எடுத்துக்கொள்கிறார்கள்: 8, 16, 24, 32, 48. இதில் மந்திரம் ஏதும் இல்லை. 8-ஐப் பாதியாக்கினாலும் கால்வாசியாக்கினாலும் முழு எண்ணே வரும், மனத்தில் நிற்கும், அவ்வளவுதான். உங்களுக்கு 5-இன் மடங்கு பழக்கமென்றால் அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் 13 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

இடைவெளியில் இன்னொன்றையும் பாருங்கள். தலைப்புக்கு மேலே 24, கீழேயும் 24 என்று சமமாக இருந்தால் அந்தத் தலைப்பு மேல் பத்திக்குச் சொந்தமா, கீழ்ப் பத்திக்குச் சொந்தமா என்று தெரியாது. மேலே 32, கீழே 8 என்று வைத்துப் பாருங்கள். தலைப்பு தன் பத்தியோடு போய் ஒட்டிக்கொள்ளும். இதே கணக்கை எல்லாத் தலைப்புகளுக்கும் வைத்தால் பக்கம் முழுவதும் ஒரே மூச்சில் ஓடும்.

கடைசியாக, இடது ஓரங்கள். பக்கத்தில் எந்தெந்தப் பொருள் எங்கிருந்து தொடங்குகிறதோ அங்கெல்லாம் மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுங்கள். நான்கு கோடுகள் வந்தால் கவலையில்லை. பதினொன்று வந்து, அவற்றில் இரண்டு 3 பிக்சல் தள்ளி அக்கம்பக்கத்தில் நின்றால், தேடியது கிடைத்துவிட்டது.

அறிகுறி: ஒவ்வொரு பக்கமும் தனியே அழகு, சேர்த்துப் பார்த்தால் வேறு வேறு ஆள் செய்தது போல இருக்கிறது

ஒவ்வொரு பக்கத்தையும் புதிய போஸ்டர் போல நினைத்துச் செய்யும்போது இப்படி ஆகும். திறமையானவர்களுக்கே இது அதிகம் நடக்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் அவர்களிடம் ஒரு புது யோசனை இருக்கிறது.

எது எது அசையவே கூடாது என்று முதலில் முடிவு செய்யுங்கள். நான் வழக்கமாக மூன்றை எடுத்துக்கொள்வேன்: தாளின் நான்கு ஓரத்திலும் விடும் வெளி (மார்ஜின்), தலைப்பு தொடங்கும் உயரம், பக்க எண் நிற்கும் இடம். இந்த மூன்றும் ஆணி அடித்தது போல நின்றால், நடுவில் எவ்வளவு விளையாடினாலும் தொகுப்பு கலையாது. பக்கங்களை வேகமாகப் புரட்டிப் பாருங்கள். தலைப்பு துள்ளினால் ஆணி சரியாக இறங்கவில்லை.

1935-இல் வெளிவரத் தொடங்கிய, பென்குவின் என்ற ஆங்கிலப் பதிப்பகத்தின் புத்தக அட்டைகள் இதற்கு நல்ல பாடம். எட்வர்டு யங் வடிவமைத்த அட்டை இது: படுக்கையாக மூன்று பட்டைகள், நடுவில் வெள்ளை, அதில் நூலின் பெயர். நாவலுக்கு ஆரஞ்சு, துப்பறியும் கதைக்குப் பச்சை, வாழ்க்கை வரலாற்றுக்கு நீலம். பெயர் மாறும், நிறம் மாறும், பட்டைகள் மட்டும் நகராது. ஆனாலும் அட்டைக்குள் அச்சுக்கோப்பு அச்சகத்துக்கு அச்சகம் மாறிக்கொண்டிருந்தது. 1947-இல் அங்கு வந்த யான் சிகோல்டு என்ற அச்சு வடிவமைப்பாளர் இதற்காக நான்கே பக்கத்தில் விதிகளை எழுதினார்: எழுத்துகளுக்கு நடுவே எவ்வளவு வெளி, மேற்கோள் குறி எப்படி, பத்தியின் முதல் வரி எவ்வளவு உள்ளே. நூற்றுக்கணக்கான நூல்களை ஒரு குரலில் பேச வைக்க நான்கு பக்கம் போதுமானதாக இருந்தது என்பது எனக்கு இன்றும் தைரியம் தரும் செய்தி.

படங்களும் இந்த அறிகுறிக்குப் பெரிய காரணம். லேஅவுட் சீராக இருந்தும் ஒரு படம் மஞ்சள் வெளிச்சத்தில், இன்னொன்று நீலச் சாயலில், மூன்றாவது பின்னணி வெட்டி எடுக்கப்பட்டு நின்றால் பக்கங்கள் சேராது. எல்லாவற்றுக்கும் ஒரே வண்ணத் திருத்தம் கொடுங்கள். மனிதர் படங்களில் தலைக்கு மேல் விடும் வெளியை ஒன்றாக வையுங்கள். படங்களே மோசமாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நிறச் சாயலுக்கு மாற்றிவிடலாம். பழைய உபாயம்தான், இன்றும் கைகொடுக்கிறது.

அறிகுறி: எண்கள் எல்லாம் சரி, கண்ணுக்கு மட்டும் வேறாகத் தெரிகிறது

இங்கே உங்கள் ஒழுங்கில் குறையில்லை. கண்ணுக்கும் அளவுகோலுக்கும் உள்ள வேறுபாடு இது. இப்படி இரண்டும் முரண்பட்டால் கண்ணின் பக்கம் நில்லுங்கள்.

நிறத்தில் தொடங்கலாம். பாரிஸ் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் மிஷேல் செவ்ரேல் என்ற வேதியியலாளர். கறுப்புச் சாயம் சரியில்லை, மங்கித் தெரிகிறது என்று அவருக்குப் புகார்கள் வந்தன. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் நெய்யப்பட்ட நிறங்கள்தான் கறுப்பை மாற்றிக் காட்டின. 1839-இல் அவர் இதைப் பெரிய நூலாகவே எழுதினார். உங்கள் திரையிலும் அதேதான் நடக்கிறது. அடர் நீலப் பின்னணியில் இருக்கும் சாம்பல் பட்டையும் வெள்ளைப் பின்னணியில் இருக்கும் அதே சாம்பல் பட்டையும் ஒன்றாகத் தெரியாது. எனவே இருண்ட பின்னணிக்கு ஒன்று, வெளிர் பின்னணிக்கு ஒன்று என இரண்டு சாம்பலை முடிவு செய்து, அந்த இரண்டையும் எங்கும் மாற்றாமல் பயன்படுத்துங்கள். ஒன்றாகத் தெரிய வைக்க இரண்டு எண்கள் தேவைப்பட்டால் வைத்துக்கொள்ளலாம், எழுதி வைத்தால் போதும்.

திரையில் ஒளிரும் பச்சை அச்சில் மந்தமாக வருவது வேறு பிரச்சினை. திரை ஒளியைக் கலந்து நிறம் காட்டுகிறது. அச்சு மையைக் கலந்து காட்டுகிறது. திரையில் வரும் சில பளிச்சிடும் நிறங்கள் நான்கு மை அச்சில் வரவே வராது. இரண்டு இடத்திலும் வாழ வேண்டிய நிறம் என்றால் அச்சில் வரக்கூடியதை முதலில் தேர்ந்தெடுத்து, திரையை அதற்கு இணங்க வையுங்கள்.

அடுத்து வடிவம். ஒரே உயரத்தில் ஒரு வட்டத்தையும் ஒரு சதுரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வட்டம் சிறியதாகத் தெரியும். எழுத்துரு வடிவமைப்பவர்களுக்கு இது அன்றாடம். வளைவான எழுத்துகளைக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலும் கீழும் நீட்டித்தான் வரைவார்கள். வட்ட லோகோ சதுர லோகோக்களின் வரிசையில் நின்றால் அதைச் சில பிக்சல் பெரிதாக்குங்கள். முனை வளைந்த பெட்டிக்குள் இன்னொரு வளைந்த பெட்டி வரும்போது இரண்டுக்கும் ஒரே வளைவு வைத்தால் மூலையில் பட்டை தடித்துத் தெரியும். உள் பெட்டியின் வளைவு 8, நடுவே வெளி 12 என்றால் வெளிப் பெட்டிக்கு 20 கொடுங்கள். அப்போது பட்டை மூலையிலும் ஒரே அகலத்தில் திரும்பும்.

தமிழும் ஆங்கிலமும் கலந்து வரும் வேலைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் தினமும் அடிபடும் இடம் அது. இரண்டுக்கும் 14 பாயின்ட் என்று போட்டுவிட்டு ஒருமை வந்துவிட்டதாக நினைக்கிறோம். பாயின்ட் அளவு எழுத்தின் உயரத்தைச் சொல்வதில்லை, எழுத்து உட்கார்ந்திருக்கும் பெட்டியைச் சொல்கிறது. அந்தப் பெட்டியை எவ்வளவு நிரப்புவது என்பதை ஒவ்வொரு எழுத்துருவும் தன் விருப்பத்துக்கு முடிவு செய்கிறது. 'ப', 'ம' போன்ற எழுத்துகளை ஆங்கிலச் சிற்றெழுத்துகளுக்கு அருகில் வைத்து, சேர்ந்து நிற்கும்வரை ஒன்றை ஏற்றி இறக்குங்கள். கிடைக்கும் விகிதத்தைக் குறித்துவைத்து எல்லாப் பக்கத்திலும் அதையே பயன்படுத்துங்கள். வரி இடைவெளியும் அப்படித்தான். மேலே ஏறும் 'கி', 'கீ', கீழே இறங்கும் 'சூ', 'பூ' எல்லாம் இருப்பதால் தமிழுக்குக் கூடுதல் இடம் வேண்டும். ஆங்கிலப் பக்கத்துக்குப் பொருந்திய வரி இடைவெளியைத் தமிழ்ப் பக்கத்துக்கு அப்படியே கொடுத்தால் வரிகள் முட்டும். தடித்த எழுத்திலும் கவனம் தேவை: 'ண', 'ணை' மாதிரி சுழி நிறைந்த எழுத்துகள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

அறிகுறி: ஐகான்கள் மட்டும் உறுத்துகின்றன

வெவ்வேறு தொகுப்பிலிருந்து எடுத்திருப்பீர்கள். கோட்டுத் தடிமன், மூலை வளைவு, உள்ளே நிறைத்ததா வெறும் கோடா, நேர்ப் பார்வையா சாய்ந்த பார்வையா என்று பாருங்கள். நான்கில் ஒன்று மாறினாலும் தெரியும். ஒரே தொகுப்பு என்றால் அளவு மாற்றியதில் பிழை: 24 பிக்சல் கட்டத்தில் 2 பிக்சல் கோட்டோடு வரைந்ததை 48-க்குப் பெரிதாக்கினால் கோடு 4 ஆகிவிடும். பெரிய அளவுக்குத் தனியாக வரையுங்கள்.

அறிகுறி: பார்க்கச் சீராக இருக்கிறது, ஆனால் பயன்படுத்துபவர் தவறான இடத்தைத் தட்டுகிறார்

திரும்ப வரும் வடிவம் ஒரு வாக்குறுதி. நீல நிற எழுத்தைத் தட்டினால் வேறு பக்கம் திறக்கும் என்று மூன்று முறை காட்டிவிட்டு, நான்காவது இடத்தில் வெறும் அழுத்தத்துக்காக நீலம் போட்டால் அங்கேயும் தட்டுவார்கள். அவர்கள் மேல் தவறே இல்லை.

ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு வடிவத்துக்கும் "இது வந்தால் அர்த்தம் இது" என்று ஒரு வாக்கியம் எழுத முயலுங்கள். எழுத முடியாதவற்றையும், இரண்டு வாக்கியம் தேவைப்படுபவற்றையும் பிரித்துச் சரிசெய்யுங்கள். எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள்: 'சேமி' என்ற பட்டன் ஒரு பக்கத்தில் வலப்புறம் பச்சையாகவும் இன்னொரு பக்கத்தில் இடப்புறம் நீலமாகவும் இருந்தால், ஒரே பொருளுக்கு இரண்டு உடை. நிறத்தை மட்டும் நம்பியும் இருக்காதீர்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் இருக்கிறார்கள்; கூடவே ஒரு சொல்லோ குறியோ வரட்டும்.

அறிகுறி: எல்லாம் ஒன்றாக இருக்கிறது, அதனாலேயே சலிப்பாக இருக்கிறது

சரி, இப்போது எதிர்த்திசை. எல்லாவற்றையும் சீராக்கியதும் இது வரும். வந்தால் பயந்து பழைய கலைப்புக்குத் திரும்பிவிடாதீர்கள். கடினமான பாதியை முடித்துவிட்டீர்கள்.

ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் என்ற உளவியலாளர் 1933-இல் செய்த ஆய்வு இங்கே உதவும். ஒரே மாதிரியான பொருட்களின் வரிசையில் வேறாக இருக்கும் ஒன்று மற்றவற்றைவிட நன்றாக நினைவில் நிற்கிறது என்று அவர் கண்டார். எல்லாமே வேறாக இருந்தால் தனித்து நிற்க எதுவும் இல்லை. அதாவது உங்கள் சீரான பக்கங்கள் ஓர் அதிர்ச்சிக்காகக் காத்திருக்கும் நிலம். எங்கே உடைப்பது என்பதை உள்ளடக்கத்திடம் கேளுங்கள். மிக முக்கியமான ஒரு எண், ஒரு படம், ஒரு வாக்கியம். அதற்கு மட்டும் மார்ஜினைத் தாண்டி விளிம்புவரை போக அனுமதி கொடுங்கள். உடைக்கும்போது தயங்கி உடைக்காதீர்கள். 20 சதவீதம் பெரிதாக்கினால் அது மறுபடியும் பிழை போலத்தான் தெரியும். மூன்று மடங்கு பெரிதாக்குங்கள்.

இன்னொரு வழி, எதை நிறுத்துவது எதை அசைப்பது என்று பிரித்துக்கொள்வது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கிற்கு ஜெர்மன் வடிவமைப்பாளர் ஓட்ல் ஐகரின் குழு செய்த வேலையைப் பாருங்கள். விளையாட்டுச் சின்னங்கள் எல்லாம் ஒரே கட்டத்தில், பெரும்பாலும் நேர்க்கோடும் 45 பாகைச் சாய்வும் கொண்டு வரையப்பட்டவை. நீச்சலும் மல்யுத்தமும் அடுத்தடுத்து நின்றாலும் ஒரே ஊர்க்காரர்கள் போல இருக்கும். நிறங்களிலும் வெளிர் நீலம், பச்சை, ஆரஞ்சு என்று நிறைய இருந்தன. சிவப்பைச் சேர்க்கவே இல்லை. எதைச் சேர்க்க மாட்டோம் என்று முடிவு செய்ததும் அந்தத் தொகுதிக்கு முகம் கொடுத்தது. உங்கள் வேலையில் எழுத்தையும் இடைவெளியையும் கட்டிப்போட்டு நிறத்தை அவிழ்த்துவிடலாம், அல்லது நிறத்தைக் கட்டி, படத்தின் அளவை அவிழ்த்துவிடலாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அவிழ்க்காமல் இருந்தால் போதும்.

அறிகுறி: முதலில் நன்றாக இருந்தது, சில மாதத்தில் கலைந்துவிட்டது

யாரும் வேண்டுமென்று கலைப்பதில்லை. அவசரத்தில் ஒருவர் பழைய கோப்பிலிருந்து நகலெடுக்கிறார், இன்னொருவர் இடம் போதவில்லை என்று எழுத்தை அரை பாயின்ட் குறைக்கிறார். அதனால் அறிவுரை சொல்லிப் பயனில்லை. சரியானதைச் செய்வது எளிதாக இருக்கும்படி கருவியை அமையுங்கள். அச்சுக் கோப்பில் பத்தி ஸ்டைல், ஸ்லைடில் மாஸ்டர், ஃபிக்மாவில் கம்போனென்ட், இணையதளத்தில் சிஎஸ்எஸ் மாறிகள்: எல்லாமே ஓர் அளவையோ நிறத்தையோ ஒரே இடத்தில் அமைத்து எங்கும் எடுத்துப் பயன்படுத்தும் வசதிகள். எண்ணைக் கையால் தட்டும் ஒவ்வொரு இடமும் நாளைக்கு ஒழுகும் இடம்.

ஆனால் ஒழுகும்போது கவனித்துக் கேளுங்கள், சில நேரம் விதியில்தான் குறை இருக்கும். ஒரு மஞ்சளை அடையாள நிறமாக வைத்த வேலையில் ஐந்து விதப் பழுப்பு மஞ்சள்கள் முளைத்திருந்ததைப் பார்த்தேன். காரணம் எளிது: வெள்ளைமேல் அந்த மஞ்சளில் எழுதினால் படிக்க முடியவில்லை, ஆளாளுக்குத் தமக்குத் தெரிந்த அளவு கருமையாக்கிக்கொண்டார்கள். இணையத்துக்கான அணுகல் வழிகாட்டுதல்கள் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வெளிச்ச மாறுபாடு கேட்கின்றன. அதை எட்டும் ஒரு 'எழுத்து மஞ்சளை' முதலிலேயே கொடுத்திருந்தால் ஐந்தும் முளைத்திருக்காது. ஒரே விதிவிலக்கு மூன்று இடத்தில் தேவைப்பட்டால் அதற்குப் பெயர் வைத்து விதிகளோடு சேர்த்துவிடுங்கள்.

எழுதிவைத்த விதியும் கைமாறும்போது திரியலாம். நியூயார்க் சுரங்க ரயிலின் வழிகாட்டிப் பலகைகளுக்கு மாசிமோ விக்னெல்லி, பாப் நூர்டா என்ற வடிவமைப்பாளர்கள் 1970-இல் விரிவான கையேடு ஒன்றைத் தயாரித்தார்கள். பலகையை மேலே தாங்கும் பகுதியைக் குறிக்க வரைபடத்தில் ஒரு கறுப்புப் பட்டை இருந்தது. பலகை செய்த பட்டறையில் அதையும் வடிவமைப்பின் பகுதி என்று எடுத்துக்கொண்டு, பலகையின் மேலேயே தீட்டிவிட்டார்கள். எல்லாப் பலகையிலும் தவறாமல் தீட்டியதால் அதுவே அந்த ரயிலின் அடையாளம் ஆயிற்று. பின்னாளில் கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து என்று மாறியபோதும், அந்தப் பட்டை ஒரு வெள்ளைக் கோடாகக் கூடவே வந்தது. உங்கள் கோப்பிலும் இப்படி ஒரு பழைய தவறு எல்லாப் பக்கத்திலும் ஊறிப் போயிருந்தால், முழுவதும் எடுத்துவிடுவதா, முழுவதும் வைத்துக்கொள்வதா என்று குழுவில் உட்கார்ந்து ஒரே நாளில் முடிவு செய்யுங்கள். முதல் பத்துப் பக்கத்தில் மட்டும் திருத்திவிட்டு, மீதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.